நாற்பது நாள் மூடுபனி

பட்டாளத்துச் சமையல்காரர் ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆகியும் ஒரே கதையில்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். போரின்போது மேட்டின் மேல் எதிரியின் பீரங்கி. கீழே, பள்ளத்தில், நூற்றிருபது பேருக்கு இவருடைய அடுப்பு. புகை தெரிந்தால் தீர்ந்தது. அதனால் புகைபோக்கியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாராம்; நாற்பது நாள் ஒரு குண்டுகூட விழவில்லையாம். பழைய பட்டாளத்தார் வருஷா வருஷம் கூடும்போது இவர் இதைச் சொல்லியாக வேண்டும், அவர்கள் கைதட்டியாக வேண்டும். அவர் மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துவிட்டது.

இந்த வருஷக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நூலகத்தில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாவலைக் கொண்டுவந்தாள்.

“அதே போர்தாம்பா. ஆனா அந்தப் பக்கத்து ஆள் எழுதினது. மேட்டு மேல தொலைநோக்கியோட உக்காந்திருந்தவராம். பேருங்களைத்தான் மாத்தினேன், மத்ததெல்லாம் நடந்ததுன்னு முன்னுரையில சொல்றார்.”

“நம்ம அடுப்பையே கண்டுபிடிக்கத் தெரியாதவன், என்னத்தைக் கிழிச்சிருப்பான்?” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நூற்றுப்பத்தாம் பக்கத்தில் அவருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

‘அவர்களுடைய சமையல்காரன் அடுப்பைச் சும்மா விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. எதையோ ஈரமாகப் போட்டு மூடுவான். உடனே வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். எங்களுக்கோ காய்ந்த ரொட்டிதான். அங்கேயாவது யாரோ சுடச்சுடச் சாப்பிடப் போகிறார்கள், அதில் மண்ணைப் போட மனசு வரவில்லை. நாற்பது நாளும் குறிப்பேட்டில் “மூடுபனி” என்றே எழுதினேன். ஒருநாள் காற்று எங்கள் பக்கம் வீசியது. அப்படியொரு வாசனை! அது என்ன சமையல் என்று இன்றுவரை தெரியாது.’

மனைவியும் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். குத்திக்காட்டுவாள் என்று நினைத்தார். அவளோ மகளுக்குக் கேட்காமல், “புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துரலாங்க. நான் மூச்சு விட மாட்டேன். நீங்க எப்பவும் போலச் சொல்லுங்க” என்றாள்.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “போர் முடிஞ்ச பெறகுதானே நமக்குக் கல்யாணமே ஆச்சு. அந்த ஆள் இல்லேன்னா இவ ஏது?” என்றார்.

கூட்டத்தில் அவர் எழுந்ததுமே கைதட்ட ஆரம்பித்தார்கள். கையமர்த்திவிட்டு அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார். ஈரமாகப் போட்டு மூடியதைக்கூட விடவில்லை.

“அடப்பாவி! நீதான் நம்மளக் காட்டிக் குடுத்தியா?” என்றார் பழைய லாரி டிரைவர். கூடமே வெடித்துச் சிரித்தது. சிரித்து முடித்தபோது டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அந்த மனுஷனுக்கு ஒரு கடுதாசி போடுய்யா. நாங்களும் கையெழுத்துப் போடறோம்.”

அங்கேயே எழுதினார்:

‘ஐயா, அந்தச் சமையல்காரன் நான்தான். உங்கள் புண்ணியத்தில் கல்யாணம் செய்தேன், ஒரு மகளைப் பெற்றேன். அவள்தான் உங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றி என்பது சின்ன வார்த்தை; எனக்கு வேறு தெரியவில்லை. அந்த வாசனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெறும் பருப்புதான். அன்றைக்கு அடிப்பிடித்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் அதற்காக என்னைத் திட்டாத திட்டில்லை. மெச்சியவர் நீங்கள் ஒருவர்தான்.’