போயிட்டாரு

கதவைத் திறந்தது அவரேதான். முந்தின நாள் மாலை, தேசியத் தொலைக்காட்சி விருது விழாவில், நாடே பார்த்துக்கொண்டிருக்க அவள் சாகடித்த மனிதர்.

“வா கத்திரி. இத்தனை வருஷம் சீனைத்தான் வெட்டினே. நேத்து ஆளையே வெட்டிட்டியே!”

எடிட்டர் சிரிக்கப் பார்த்தாள். முகம் அதற்கு வளையவில்லை.

விருதுகளுக்கு நடுவே, அந்த வருடம் இறந்துபோன கலைஞர்களுக்காக மூன்று நிமிட அஞ்சலிப் படம் ஒன்று ஓடும். நான்கு வருடமாக அதைத் தொகுப்பது அவள். இந்த முறை ஓர் இயக்குநரின் பழைய புகைப்படம் கிடைக்கவில்லை. மைக் அண்ணனிடம் இருக்கும் என்று தோன்றியது. படப்பிடிப்பில் நீளக் கழியில் மைக்கைத் தூக்கிப் பிடித்து இருபத்திரண்டு வருடம் நின்றவர். மத்தியான வேளைகளில் சங்க அலுவலகத்தில் கேரம் ஆடிக்கொண்டிருப்பார். அங்கேதான் கூப்பிட்டாள்.

“மைக் அண்ணன் இருக்காரா?”

“அவரா? போயிட்டாரும்மா. மூணு மாசமாச்சே, தெரியாதா உனக்கு?”

குமாஸ்தா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். ‘மக வீட்டோடயே போயிட்டாரு’ என்பதாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் “ஐயோ” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஏன் வைத்தோம் என்பதை நேற்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்திருந்தாள். ஓய்வு பெற்றபின் அவர் இரண்டு முறை அழைத்திருந்தார். இரண்டு முறையும் திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டாள். அப்புறம் என்பது ஒன்றரை வருடமாகிவிட்டது. இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிக்கொண்டு கூப்பிடுவது என்ற கூச்சம் நாளுக்கு நாள் கனத்தது. ‘போயிட்டாரு’ என்று கேட்ட நொடியில் முதலில் வந்தது துக்கமில்லை. இனிக் கூப்பிட வேண்டியதில்லை என்ற ஆசுவாசம். துக்கம் அதற்குப் பின்னால், வரிசையில் நின்று வந்தது.

அந்த ஆசுவாசத்துக்குப் பரிகாரம் போல, அவரது படத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். விழாக்குழுவில் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மைக் பிடித்தவரின் முகம் அவர்களில் யாருக்கும் தெரியாது. படம் ஓடி முடிந்த பிறகுதான், அவர் மகள் வீட்டில் நலமாக இருப்பது அவளுக்குத் தெரியவந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளறையில் அவருடைய மகள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

“எல்லாருக்கும் நாலு செகண்டு. எனக்கு ஆறு. எண்ணினேன்,” என்றார் அவர். “ஏன்மா?”

பதிலுக்காக அவர் காத்திருந்தார். அமைதியான அறையில் ஒலி பதிவதற்குக் காத்திருப்பது போல, தலையை லேசாகச் சாய்த்து. எத்தனை நேரமானாலும் அப்படி நிற்கக் கூடியவர் அவர். அவளால்தான் தாங்க முடியவில்லை.

“நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும்ணா.”

“நம்பர் மாறலையே.”

“இருந்துச்சு. பேர் கூட இருந்துச்சு.”

“அப்புறம்?”

அவள் தரையைப் பார்த்தாள். சங்கத்துக் குமாஸ்தாவின் ஒரு சொல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் வரைக்கும் வந்தது.

“நீங்க போயிட்டீங்கன்னதும்... நிம்மதியா இருந்துச்சுண்ணா. உங்க போனை எடுக்காததுக்குப் பதில் சொல்ல வேண்டாமேன்னு.”

உள்ளறை வாசலில் மகள் அசையாமல் நின்றாள். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும்.

மகள் கையிலிருந்த போன் ஒலித்தது.

“காலையிலேருந்து முப்பதாவது,” என்றாள் மகள். “இருக்காரு, இருக்காருன்னு சொல்லிச் சொல்லித் தொண்டையே போச்சு. நீங்க சொல்லுங்க.”

போனை எடிட்டரின் கையில் வைத்துவிட்டாள். மறுமுனையில் பழைய லைட்மேன் ஒருவர், கேவலுக்கு நடுவே, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

“இல்லண்ணா... இருக்காரு. நல்லா இருக்காரு.”

அழுகை சட்டென்று நின்றது. “நெஜமாவா? நீ யாரும்மா பேசறது?”

அவள் வாயைத் திறந்தாள். எதிரே அவர் தலையைச் சாய்த்து, அந்தப் பதிலையும் கேட்பதற்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.