மை ஒழுகும் வீடு

சலவை நிலையத்தில் வேலை பார்த்தவள் குடியிருந்த மாடிவீட்டில், அவள் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் மறுநாள் கூரையிலிருந்து மை ஒழுகும். நல்ல நீல மை. சின்னக் கதை என்றால் ஒரு சொம்பு, தடிப் புத்தகம் என்றால் இரண்டு வாளி. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு தளத்தில் இல்லை, குடியிருப்பவர்களிடம்தான் என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். பகலெல்லாம் ஊரார் துணியில் கறை நீக்குகிறவளுக்குத் தன் வீட்டுக் கறையை நீக்கத் துப்பில்லை என்று தெருவே சிரித்தது. கணவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன். ஊர் வீடுகளை முடித்துவிட்டு வந்து, முணுமுணுத்துக்கொண்டே தன் வீட்டுக்கும் அடிப்பான். அது காய்வதற்குள் அவள் அடுத்த புத்தகத்தை முடித்திருப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

கீழே இருந்த வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் படியேறி வந்து, "ஏம்மா, ஒண்ணு படிக்கிறத விடு, இல்ல வீட்ட விடு" என்றார். வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் படிப்பதை விட்டாள். ஒழுகல் நின்றது. ஆனால் கூரை நடுவில் உப்ப ஆரம்பித்து, மழைக்காலம் போய்க் கோடை வருவதற்குள் நிறைமாத வயிறுபோலத் தொங்கியது. உள்ளே ஏதோ புரளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. படித்ததெல்லாம் போக வழியில்லாமல் அங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று புரிந்தபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒட்டடைக்கம்பை எடுத்து நடுக்கூரையில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். வாளி, அண்டா எல்லாம் நிறைந்தும் மை நிற்கவில்லை. கணவன் பிரஷைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவள் அதைப் பிடுங்கி மையில் முக்கி, காலையில்தான் அவன் அடித்து முடித்த சுவரில் ஒரு வரி எழுதினாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. வாசற்கதவைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு பெண்ணைப் பற்றியது. எழுத எழுத வாளியில் மை இறங்கியது, கூரையும் உள்ளே போனது. சுவர் முடிந்தபோது கதை பாதியில் நின்றது.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்றான் கணவன்.

"எழுதச் சுவர் இல்லையே."

அவன் அடுத்த அறைக்குப் போய் வெள்ளையடிக்க ஆரம்பித்தான்.

கதை சமையலறையில் போய் முடிந்த அன்று வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார். "படிக்கிறதயும் விடமாட்டேன், வீட்டயும் விடமாட்டேன். உங்களால ஆனதப் பாருங்க" என்று அவள் பிரஷை ஓங்கியபடி சொன்னது அவர் காதில் விழவில்லை. முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. படித்து முடித்துவிட்டுத் திட்டலாம் என்று நின்றவர், அறை அறையாகப் போனார். சமையலறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை வந்து கதவைத் தட்டினார். வழுக்கையிலும் தோளிலும் பச்சைச் சொட்டுகள். மேல்வீட்டு மை நீலம், ஆகவே இதற்கு அவள் பொறுப்பில்லை.

"ஒரு வாளி இருக்குமாம்மா?" என்றார்.

வாளியோடு ஒரு பிரஷையும் கொடுத்து அனுப்பினாள்.