ஆக்ஸிலேட்டர் கேபிளின் மறுமுனை

காசிமாயனின் ஜீப்பில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது திரும்ப எழும்புவதில்லை. காலை எடுத்தாலும் வண்டி மலை மேலேதான் ஏறும்.

அவன் மனைவி பவளக்கொடி ஏலக்காய் எடுக்க மேலே போயிருந்தபோது, மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு கூடிவிட்டது. அன்றிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. இவன் அழைத்துவரப் போகும்போதெல்லாம் இன்னொரு வளைவு முளைக்கும். முளைத்த கையோடு யாரோ எண் பலகையும் நட்டுவிடுவார்கள். அந்த ஊரில் வேறெந்த வேலையும் இவ்வளவு சுருக்காக நடந்ததில்லை. இப்போது நாற்பத்தொரு வளைவுகள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை மெக்கானிக் தாவூதிடம் விட்டான்.

தாவூது முறையாகத்தான் பார்த்தான். பானட்டைத் தூக்கி, கார்புரேட்டரிலிருந்து கேபிளைக் கழற்றினான். கார்புரேட்டரின் மூடியைக் கையால் திறந்துவிட்டான். அது பட்டென்று மூடிக்கொண்டது.

"ஸ்பிரிங் நல்லாருக்கு மாப்ள. கேபிள்லதான் பிடிப்பு."

கேபிளை உருவினான். நாலடி வரவேண்டியது நாற்பதடி வந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுமுனை வண்டிக்கு அடியில் புகுந்து, கடை வாசலைத் தாண்டி, மலைப்பக்கம் போயிருந்தது.

"மேல யாரோ பிடிச்சிருக்காங்க," என்றான் தாவூது, ஆயில் குறைவு என்று சொல்கிற தோரணையில். "வெட்டிட்டுப் புதுசு போட்ருவோம். பத்து நிமிச வேலை."

"வெட்டாத மாமா."

"பிரேக்கு இன்னொரு நடை தாங்காதுடா. செத்துப் போவ."

காசிமாயனுக்கு வண்டி சரியாக வேண்டியதில்லை. அவள் வரவேண்டும். வெந்நீர் ஆறுகிறது என்று அவள் போடும் கத்தலுக்கு ஏங்கிப்போயிருந்தான். சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மலை ஜீப்புகளில் பின்னால் இருப்பவர்கள் தகரத்தில் தட்டித்தான் டிரைவரோடு பேசுவார்கள். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து, ஆள் ஏற வேண்டும். அவன் கேபிளை இரண்டு முறை சுண்டினான்.

மேலேயிருந்து ஒரே ஒரு சுண்டு வந்தது.

"ஆள் ஏறணுமாம்," என்றான் தாவூது.

"அப்ப நான் போகக் கூடாதா மாமா?"

"போனா வளைவு கூடும்ல. உக்காரு."

காசிமாயன் கேபிளை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். நாற்பத்தொரு வளைவுகளையும் அவள் நடந்தே இறங்க வேண்டும்.

ஜும்மா தொழுகைக்கு நேரமாகியிருந்தது. தாவூது கை கழுவிவிட்டு ஷட்டரை இறக்கினான். கேபிள் போக விரற்கடை இடம் போதும். அவன் ஒரு பெண் குனிந்து நுழையும் அளவுக்கு விட்டுவிட்டுப் போனான்.