பழைய பெட்டியின் டிஸ்க்

‘செப்டம்பர் 4, செவ்வாய். இன்று ஒரு தவறு. ஆய்வகத்தில் ஐந்தாவது பெட்டிக்குப் பதில், ஓரமாக ஒதுக்கிவைத்த பழைய மருந்துப் பெட்டியிலிருந்து டிஸ்க் எடுத்துவிட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரம். பஸ்ஸில்தான் உறைத்தது. அதுவும் அக்கா மகளின் சோதனைத் தட்டில்.’

எதையும் எழுதிவைக்காமல் விடமாட்டாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு ‘நோட்டு’ என்றே பெயர். பகலில் பரிசோதனை வேலை, மாலையில் படிப்பு. அதே ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் அக்கா மகள், நான்கு வயது, ஆறு நாளாக ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு துவண்டு கிடந்தாள். இரண்டு மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் வயிற்றிலிருந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த பொட்டளவு காகித டிஸ்க்குகளை மேலே வைத்து ஓர் இரவு விட்டால், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியும்.

காலையில் ஆய்வகத்தின் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

“மேடம், ஒரு டிஸ்க் மாத்தி வெச்சிட்டேன்.”

“பழைய மருந்தா? அதை வார்டுல தொட்டே பத்து வருஷம் ஆச்சே! மியூசியமா நடத்தற? தட்டை எடு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் தட்டு முழுக்க வெள்ளைப் படலம். நேற்று ஊசிமுனையளவு இருந்தது, ஒரே இரவில் இத்தனை கோடி. நான்கு புது மருந்துகளின் விளிம்புவரை வந்து, அவற்றின் மேலேயே சாய்ந்துகொண்டு வளர்ந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐந்தாவதான பழைய மருந்து டிஸ்க்கைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாமல், துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். அதனூடே தன் விரல்ரேகை தெரிந்தது.

“மேடம், நான் தப்பா பாக்கறேனா?”

டாக்டரம்மா அளவுகோலைப் பிடுங்கித் தானே அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“இத்தனை வருஷமா நாம குடுக்கவே இல்ல. கிருமி அதை எதிர்க்கிற வித்தையை மறந்தே போச்சு போல,” என்றார் மெல்ல. “ஒரு தட்டை மட்டும் நம்ப முடியாது, திரும்பப் போடணும். ஆனா குழந்தையால காத்திருக்க முடியாதே. வார்டுல பேசறேன்.”

“நான் மட்டும் தப்பு பண்ணலைன்னா…”

“தப்பு தப்புதான். ரிப்போர்ட்ல எழுது.”

நண்பகலில் அந்த மருந்து ஏறியது. மாலையில் எட்டிப் பார்த்தபோது குழந்தை மூக்கைச் சுளித்தாள்.

“சித்தி, உன்மேல ஆஸ்பத்திரி நாத்தம்.”

“ரெண்டு நாள் கழிச்சு வாயைத் திறந்தா, திட்டறதுக்குத்தான் திறக்குது பாரு!” என்று அக்கா சிரித்தாள், உடனே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

‘செப்டம்பர் 5. மாலை ஆறுக்குக் காய்ச்சல் 101. நேற்று இதே நேரம் 103. ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நாளை: காலை எட்டுக்கு அதே கிருமியைப் புதுத் தட்டில் பரப்ப வேண்டும். விட்டுப்போன மருந்தையும் சேர்த்து ஆறு டிஸ்க். வைக்கும்முன் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.’