ஆரோக்கியமான ஆள்

வைரஸ்களோடு வேலை செய்கிறவள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கிருமிக்காரி என்று பெயர். வைத்தது அம்மா. வேலையிலிருந்து வந்ததும் குளிக்காமல் அவள் அடுப்படியில் கால் வைக்க முடியாது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று சத்தியம் செய்தாலும் செல்லாது. இத்தனைக்கும் நாற்பதை நெருங்கும் அந்தக் கிருமிக்காரிக்குச் சளி பிடித்து யாரும் பார்த்ததில்லை. அவளுடைய அண்ணனுக்கும் அப்படித்தான். "என் வயித்துல பொறந்தது ரெண்டும் இரும்பு" என்று அம்மா கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அண்ணனின் மகளுக்கு வாலு என்று பெயர். அந்த வாலு போன குளிர்காலத்தில் சாதாரணக் காய்ச்சலில் படுத்து, செயற்கை சுவாசம் வரை போய், ஏதோ நல்ல நேரம், பிழைத்து வந்தாள். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான். மற்ற பிள்ளைகள் மூக்கைச் சிந்திவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஏன் இப்படி விழுந்தாள் என்று மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அது மருமகள் வீட்டு உடம்பு என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மருமகளின் தம்பிக்கு ஆஸ்துமா, அப்பா ஓயாமல் இருமுவார். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

அண்ணி காதில் விழாதவள் போல மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருப்பாள். எப்போதாவது கிருமிக்காரியின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். கிருமிக்காரி சாப்பாட்டுத் தட்டுக்குள் எதையோ தேடத் தொடங்கிவிடுவாள். அம்மாவிடம் வாயைக் கொடுத்துவிட்டு யார் மீள்வது என்பது அவள் கட்சி.

குழந்தையின் தோலிலும் பெற்றவர்கள் தோலிலும் ஒரு துணுக்கு எடுத்துச் செல்களைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவமனை சொன்னது. அனுப்பியது கிருமிக்காரியின் ஆய்வகத்துக்கே. அண்ணி கையை நீட்டினாள். மகனை அனுப்ப அம்மா ஒப்பவில்லை. அவனுக்கு என்ன குறைச்சல், அவனை எதற்குக் கீறுவது என்று கேட்டாள். அண்ணனும் தப்பித்தோம் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டான். சோதனை முடிவு வந்ததும் யார் வழி என்று தெரிந்துவிடும் என்று அம்மா சொல்லிவைத்தாள். தெரிந்தால் அண்ணியின் கதி என்ன ஆகும் என்று கிருமிக்காரி கவலைப்பட்டாள்.

சொந்தக்காரர் மாதிரியைச் சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது ஆய்வகத்தின் நிலைமை. அதன் தலைவர், எல்லோர் வாயிலும் 'தாடி', கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய் என்றார்.

சோதனை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தால், வந்தது வேற்றாள் என்று உள்ளே இருக்கும் காவல் கண்டுபிடித்துவிடும். உடனே அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து வெளியே விடும். அது பக்கத்துச் செல்களைத் தொட்டதும் அவை கதவைச் சாத்திக்கொண்டு, வைரஸ் பெருகத் தேவையான வேலைகளையெல்லாம் நிறுத்திவிடும். முதல் செல் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் தான் செத்தாலும் தெருவை எழுப்பிவிட்டுத்தான் சாகும். ஆய்வகத்தில் செல்களைப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் வளர்த்து, கொஞ்சம் வைரஸை விட்டுக் காத்திருப்பார்கள். பிறகு ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுவார்கள். தப்பித்த செல்கள் ஊதாவாக ஒட்டிக்கொண்டிருக்கும். செத்தவை தண்ணீரோடு போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆளின் செல்களும் வேண்டும். ஆரோக்கியமான ஆள் யார் என்ற கேள்விக்கு எந்த ஆய்வகத்திலும் விடை சுலபம்: அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டவர். வழக்கமாகத் தாடியின் செல்களைத்தான் வைப்பார்கள். அந்தக் குடுவையில் பூஞ்சை பிடித்துவிட்டதால், கிருமிக்காரி தன் தோலையே கொடுத்து வளர்த்தாள். சளி கூடப் பிடிக்காதவளை விட ஆரோக்கியமானவள் யார்?

சாயத்தைக் கழுவியபோது குழந்தையின் கிண்ணம் வெறுமையாக இருந்தது. அதை அவள் எதிர்பார்த்ததுதான், இருந்தும் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். அதே குழந்தையின் செல்களுக்கு முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்த கிண்ணம் அடர்ந்த ஊதாவில் இருந்தது. அந்தச் செல்களுக்குக் கூப்பிடத்தான் தெரியவில்லை, கூப்பிட்டால் கேட்கிறது. அப்படியானால் அடுத்த காய்ச்சலில் அந்த மருந்தை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம்.

அண்ணியின் கிண்ணமும் ஊதா. ஆரோக்கியமான ஆளின் கிண்ணம் வெறுமை.

கிண்ணங்கள் மாறிவிட்டன என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அண்ணியின் எண் சீட்டைத் தன் கிண்ணத்திலும் தன்னுடையதை அண்ணியின் கிண்ணத்திலும் ஒட்டிவிட்டோம், அவ்வளவுதான். பேனாவை எடுத்து எண்களைத் திருத்தவும் கை போய்விட்டது. அங்கேதான் சுரீர் என்றது. கெட்டது அண்ணியுடையதாகத்தான் இருக்கும் என்று எதை வைத்து முடிவு கட்டினாள்? அம்மாவின் பேச்சை மறுத்துப் பேசாதவள் அதை எப்போது நம்பத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பேனாவை வைத்துவிட்டுத் தாடியிடம் போனாள். இரண்டாம் முறை எண்களை அவர் ஒட்டினார், எது யாருடையது என்று சொல்லவில்லை. பூஞ்சை பிடிக்காத அவருடைய செல்களும் அதற்குள் வளர்ந்திருந்தன. தாடி ஊதா, அண்ணி ஊதா, குழந்தை வெறுமை, கிருமிக்காரி வெறுமை. குழந்தைக்கும் அத்தைக்கும் ஒரே குறை என்றால் அது அண்ணன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இந்தக் குறை இருந்தும் ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாமல் போகிறவர்கள் உண்டு என்று தாடி சொன்னார். "இத்தனை நாள் உனக்கு அதிர்ஷ்டம். இரும்பெல்லாம் இல்ல."

மறுநாள் மருத்துவர் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டு முறையாகச் சொல்வார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில்தான் அவளுக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே. ஆனால் அன்று மாலை, அண்ணி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, நான் சொன்னதுதானே வந்தது என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. அண்ணிகிட்ட ஒரு குறையும் இல்ல. நம்ம பக்கம்தான். எனக்கும் இருக்கு, அண்ணனுக்கும் கண்டிப்பா இருக்கும்."

மெஷினில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றாள் அம்மா. மெஷினே கிடையாது, இரண்டு முறை பார்த்தாயிற்று என்று கிருமிக்காரி சொன்னாள். அண்ணன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். குழந்தைக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் கண்ணை மூடித் திறந்தாள்.

"என் வழியா வந்துச்சுன்னு சொல்றதுக்கு இத்தனை நாளா யார்கிட்டயாவது ஆதாரம் இருந்துச்சா?"

"இல்ல அண்ணி."

"அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கிருமிக்காரி தாங்கியிருப்பாள். உண்மையைச் சொன்னவளைப் போய் ஏன் கேட்கிறாய் என்று அம்மா மருமகளிடம் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றாள் கிருமிக்காரி. அண்ணியின் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் அண்ணி பேசாம இருந்தேன்."

அண்ணி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு எங்களோட நீயும் டாக்டர்கிட்ட வா. உனக்கும் காய்ச்சல் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டு வச்சுக்கணும்."

அதைச் சொல்லும்போதும் அவள் முகம் இளகவில்லை.