நான்காவது திரை

லோனப்பன் இறந்து பதினாறு நாளாகியும் அவருடைய கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடியும்வரை எதையும் சேமிக்காத மனிதர். அணைத்தால் என்னென்ன போகுமோ என்று திருச்சூர் பாடநூல் அலுவலகத்தில் யாரும் தொடவில்லை. கடைசியில் சூப்பிரண்டு ராஜசேகரன் பாடங்களைப் பக்கமாக அமைக்கும் பக்கத்து இருக்கைக்காரி பிரசன்னகுமாரியைப் பிடித்தார். ‘ஒழுங்கான திரையே ஒழுங்கான மனம்’ என்று மூன்று பக்கச் சுற்றறிக்கை விட்டவர் அவர். அவருடைய சொந்தத் திரையிலோ கோப்புகள் அப்பியதில், பின்னணியில் நின்ற யானைக்குத் துதிக்கை மட்டுமே மிச்சம்.

"எல்லா விண்டோவையும் மூடிட்டு மெஷினைக் குடுங்க. திங்கக்கிழமை புது ஆள் சேர்றாரு."

"என்னன்னு பாக்க வேணாமா சார்? ஆள் போயிட்டா கடை ஷட்டர் மாதிரி இழுத்து விட்ருவீங்களா?"

லோனப்பன் கம்ப்யூட்டரை நான்கு திரைகளாகப் பிரித்து வைத்திருந்தார். விசையை அழுத்தினால் ஒன்று நகர்ந்து அடுத்தது வரும். முதல் திரையில் நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகம். இரண்டாவதில் அச்சகத்துக்கான கடிதங்கள். மூன்றாவதில் பாதியில் நின்ற சதுரங்கம். அவர் காய் நகர்த்துவதற்காக இயந்திரம் பதினாறு நாளாகக் காத்திருந்தது. அதையும் அவள் மூடினாள்.

நான்காவதில் இரண்டு விண்டோக்கள், சரிபாதியாக. மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தபோதுதான் இடப்பக்கம் இருப்பது அவள் அனுப்பிய பாடம் என்று தெரிந்தது. வலப்பக்கம் அதே பாடம், இடம் மாறிய படங்களும் விட்டுப்போன வரிகளும் சரிசெய்யப்பட்டு. அதன் பின்னால் இன்னொரு ஜோடி, அதற்கும் பின்னால் இன்னொன்று. பதினொரு பாடங்கள். எல்லாம் அவளுடையவை.

கண் மங்குவதை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். தெரிந்தால் பழைய கோப்பு அறைக்குத் தள்ளிவிடுவார்கள். அச்சகத்துக்கு அனுப்பும் வேலை லோனப்பனுடையது. அவர் தாமதிக்கும்போதெல்லாம், "என்ன ஏட்டா, பக்கத்தை அடைகாக்குறீங்களா?" என்று அண்ணன் முறை வைத்து ஊர் கேட்கச் சீண்டுவாள். "குஞ்சு பொரிக்கட்டும்டீ, உனக்கென்ன அவசரம்?" என்பார் அவர்.

மேலிருந்த ஜோடியில் ஆறாம் பக்கத்தோடு திருத்தம் நின்றிருந்தது. இன்று மாலை அச்சகத்துக்குப் போகவேண்டிய பாடம் அது.

"இன்னுமா முடியல? அதுல என்ன இருக்கு?" ராஜசேகரன் பின்னால் வந்து நின்றார்.

ஒரு சொடுக்கில் மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"என் தப்பு சார்."

"உங்களுதா? பிழையில்லாத பக்கம்னு கூட்டத்துல உங்களைத்தானே உதாரணம் காட்டினேன்!"

"அந்தப் பக்கமெல்லாம் ஏட்டன் திருத்தினது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவள் வலப்பக்க விண்டோவைச் சேமித்தாள். அதைத் திரை முழுக்க விரித்து ஏழாம் பக்கத்துக்கு வந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். போதவில்லை, இன்னும் பெரிதாக்கினாள்.

"கொஞ்சம் படிங்க சார். நான் திருத்தறேன்."

ராஜசேகரன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். மேடைக் குரலில்தான் தொடங்கினார். இரண்டாவது சொல்லில் குரல் இறங்கியது. திரையை அடைத்துக்கொண்டு ஒரு மீன் மிதந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, உள்ளங்கை அகல எழுத்தில், ‘இது மரத்தில் கூடு கட்டும்’ என்றிருந்தது.