ஒன்பது நாள் கணித ஆசிரியர்

யசோதரன் என்ற பெயரை யதுர்சிகா மூன்று வருடமாக வெறுத்து வந்தாள். ஆளை முதன்முதலாகக் கண்டது, அவன் அவளைப் பொம்பிளை பார்க்க முருங்கனுக்கு வந்த அன்றுதான்.

அவள் படிப்பித்த பாடசாலை மறிச்சுக்கட்டிக்குப் போகும் வழியில் இருந்தது. சனம் மீளக் குடியேறிய கையோடு தகரக் கொட்டகையில் தொடங்கிய பள்ளிக்கூடம். கணிதத்துக்கு ஒரேயொரு ஆசிரியர் இடம், அது யசோதரனுடையது. நியமனம் கிடைத்ததும் அந்தப் பெருந்தகை யாரையோ பிடித்து, மன்னார் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தற்காலிக இணைப்பு வாங்கிப் போய்விட்டார். பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. பெயர் இருக்கும்வரை அந்த இடம் வெற்றிடமாகாது.

யதுர்சிகா வலைப்பந்துப் பயிற்றுநராகத் தொண்டர் அடிப்படையில் வந்தவள். அகதி முகாமிலிருந்து படித்து உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்தவள். பல்கலைக்கழகத்துக்குத்தான் புள்ளி போதவில்லை. அதை அறிந்த அதிபர் ஹுசைன் சேர் மறுநாளே அவளிடம் கணித வகுப்புகளை ஒப்படைத்துவிட்டார். காலையில் கணிதம், பின்னேரம் பந்து. தொண்டர்களை நிரந்தரமாக்கும் நேர்முகம் வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்: உங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு வெற்றிடம் இல்லை, பிள்ளை.

தவணை முடிவில் புள்ளிப் பட்டியலை அவள் தயாரிப்பாள். அது யசோதரனின் கையொப்பத்துக்காக மன்னாருக்கு பஸ்ஸில் போய் வரும். ஒருமுறை திரும்பி வந்த தாளில் மீன் வைத்த மாலுபணிசின் எண்ணெய் ஊறியிருந்தது. பிள்ளைகளின் புள்ளிகளை அவன் பார்த்ததற்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

புரோக்கர் கொண்டுவந்த சாதகத்தில் அந்தப் பெயரைக் கண்டபோது, அது யாரென்று அவள் வீட்டில் சொல்லவில்லை. பட்டதாரி, நிரந்தர உத்தியோகம் என்று அப்பா சரவணமுத்து பூரித்துப்போயிருந்தார். வரட்டும் என்றாள். அந்த முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

முகம் ஒன்றும் விசேஷமில்லை. பவுடர்தான் கொஞ்சம் அதிகம். கதிரையில் சாய்ந்திருந்து, கஷ்டப் பிரதேசத்தில் தான் பட்ட பாட்டை அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். யானை, தண்ணீர் இல்லாமை, பஸ் இல்லாமை. ஒருநாள்கூடப் படாத பாட்டை அவ்வளவு விபரமாகச் சொல்ல ஒரு திறமை வேண்டும்.

"போன முறை ஓ எல் சோதினையில பதினாலு பேரில பதினொரு பேர் பாஸ், அங்கிள். அந்தக் காட்டுக்குள்ள."

"மற்ற மூண்டு பேரும் ஏன் கோட்டை விட்டவை?" என்று யதுர்சிகா கேட்டாள்.

அவன் சிரித்தான். "அதுகளின்ர மண்டையில ஒண்டும் ஏறாது."

"ஒரு ஆள் நசீறா. கேத்திரகணிதத்தில கெட்டிக்காரி, சோதினை அண்டைக்குக் காய்ச்சல். மற்ற ரெண்டு பேருக்கும் நான் பின்னம் ஒழுங்காப் படிப்பிக்கேல்ல. அது என்ர பிழை."

அவனுடைய தாய் பலகாரத் தட்டைக் கீழே வைத்தா. "நீங்கள் பந்து பழக்கிறனீங்கள் எண்டல்லோ புரோக்கர் சொன்னவர்?"

"ஓம் மாமி. அதுவும் பழக்கிறனான்."

அவனுக்குக் கொஞ்சம் வியர்த்தது. ஆனாலும் வெட்கம் வரவில்லை. அந்த இடத்தை விட்டுக் கொடுத்து நிரந்தர இடமாற்றத்துக்கு எழுதித் தாருங்கள், எனக்கு வேலை கிடைக்கும் என்று அவள் நேரடியாகவே கேட்டாள். கஷ்டப் பிரதேச சேவை இன்னும் இரண்டு வருடம் கணக்கில் ஏற வேண்டும், பதவி உயர்வுக்கு அது தேவை என்றான். பிறகு ஒரு பெருந்தன்மையோடு சேர்த்துச் சொன்னான்: "கலியாணம் முடிஞ்சால் உங்களுக்கு ஏன் வேலை?"

சம்பந்தம் அன்றோடு முடிந்தது. அம்மா சிவபாக்கியம் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

அந்தத் தவணைப் பட்டியல் மன்னாருக்குப் போகவில்லை. கையொப்ப இடத்தில் யதுர்சிகா தன் பெயரைப் போட்டு, கீழே தொண்டர், வலைப்பந்துப் பயிற்றுநர் என்று தெளிவாக எழுதினாள். ஹுசைன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டுதரம் துடைத்தார்.

"பிள்ளை, உன்னையும் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"நிப்பாட்டட்டும் சேர். மூண்டு வருசமாப் பொய்யில கையெழுத்து வச்சிட்டம்."

அவர் முத்திரையைக் குத்தினார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் போனது. அடுத்து வந்த கட்டளையை அவள் எதிர்பார்க்கவில்லை: இணைப்பு ரத்து, உரிய ஆசிரியர் திங்கட்கிழமை தன் பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். அதாவது கணித வகுப்புகள் அவள் கையைவிட்டுப் போயின. அவளுக்கு மிஞ்சியது பந்து மட்டும்தான்.

யசோதரன் வந்தான். மினுக்கிய சப்பாத்து செம்மண்ணில் புதைய, முதல் பாடம் முடிந்த பிறகு வந்தான். ஃபான் எங்கே என்று கேட்டான். கரண்டே இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, புத்தகத்திலிருந்த ஒருங்கமை சமன்பாட்டைப் பலகையில் பார்த்து எழுதினான். கிணற்றடிப் பக்கம் காலையில் யானை நின்றது என்று ஒரு பெட்டை சொன்ன பிறகு, பகல் முழுக்க மலசலகூடத்துக்கே போகாமல் இருந்தான். விளையாட்டிடத்தில் நின்று யதுர்சிகா இதெல்லாவற்றையும் பார்த்தாள். இந்த மனிதனுக்காகவா மூன்று வருடம் இரத்தம் கொதித்தது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அவன் தானாகவே நிரந்தர இடமாற்ற விண்ணப்பத்தை நீட்டினான். சேவைக் காலம் மூன்று வருடம் நான்கு மாதம் என்று எழுதியிருந்தான். ஹுசைன் சேர் வரவு இடாப்பைத் திறந்து வைத்து, வெட்டி எழுதச் சொன்னார். அவன் ஒன்பது நாள் என்று எழுதினான்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவளருகே நின்றான். "நீங்கள் வெண்டிட்டீங்கள்."

"நீங்கள் விளையாடவே வரேல்லையே" என்றாள், பந்தைப் பிள்ளைகளிடம் எறிந்தபடி.

வெற்றிடம் அறிவிக்கப்பட்டு, நேர்முகம் நடந்து, நியமனக் கடிதம் அவள் கைக்கு வர இன்னும் ஏழு மாதம் எடுத்தது. அவள் அதுவரை காத்திருக்கவில்லை. அவன் போன அடுத்த நாள் காலையே வகுப்புக்குள் போனாள். இந்த ஒன்பது நாளும் என்ன படித்தீர்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் பலகையைக் காட்டினார்கள். பலகையிலிருந்ததை முழுவதும் அழித்துவிட்டு, பின்னத்திலிருந்து தொடங்கினாள்.